என் மண்டைக்கு வைத்தியம் பார்த்தவர்கள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் அக்கா கோதைநாயகி. அவள் கணவர் ஸம்பத்குமார். கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம், எனக்கு அத்திம்பேர், ஊருக்கு ஆலோசகர். அடுத்த வீட்டுத் துளசிராமன், ரிட்டயர்டு ரயில்வே கார்டு. புதுவாயல் அரசப்பன், கும்மிடிப்பூண்டி மில்லில் என்னோடு நைட் ஷிப்ட் பார்த்தவன், இன்னும் பார்க்கிறவன். என் மனைவி ஸத்யபாமா சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்ததால் ஆளாகக் கணக்கில் வரவில்லை. கடைசியாக ராமானுஜம் என்கிற நான், வியாதிக்காரன். வியாதி மண்டைக்குள் என்பதால் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எமர்ஜென்ஸி முடிந்த அடுத்த வருடம் அது. நாடே வாயைத் திறந்து பேச ஆரம்பித்திருந்தது. நானும்தான்.

மில்லில் பழைய இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுப்பார்கள். இரவெல்லாம் அது கத்தும். இழுத்துப் போட்ட கம்பி ஆறுவதற்குள் வளைசலை எடுத்துத் தனியே தள்ள வேண்டும். அதுதான் என் உத்தியோகம். மூன்று வருடம் தள்ளினேன். ஒரு விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே வந்ததும் இனி உள்ளே போவதில்லை என்று தோன்றியது. போகவில்லை. மில்லை விட்டால் சத்தம் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சத்தம் நின்றது. அந்த இடத்துக்கு ஃபோர்மேன் தானியேல் குடிவந்தார்.

நிஜ தானியேலைக் குறை சொல்ல முடியாது. அவர் வாயிலிருந்து 'சீக்கிரம்' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் வந்து நான் கேட்டதில்லை. என் மண்டைக்குள் வந்தவர் வேறு ஆள், பெரிய வக்கீல். நான் ஏன் வேலையை விட்டேன், விட்டது சரியா, என் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பாயிண்டு பாயிண்டாகப் பிடிப்பார். நான் பதில் சொல்வேன். அவர் மறுப்பார். நான் மறுபடி சொல்வேன். அவர் சொல்வது எனக்கு மட்டும் கேட்கும். நான் சொல்வது பக்கத்தில் படுத்திருக்கும் ஸத்யபாமாவுக்கும் கேட்கும். படுத்தது முதல் பால்காரன் வரும் வரை அவள் ஒரு வழக்கின் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதைத் தீர்க்கத்தான் கூட்டம். அத்திம்பேர் தலைமை.

"மனசுன்னா குரங்கு. குரங்கைக் கட்டிப் போடணும்" என்றார் அத்திம்பேர்.

"கட்டக் கூடாது சார். வேடிக்கை பாக்கணும்" என்றார் துளசிராமன். "நான் மாடியில கிளாஸ் எடுக்கறேன். அனுப்பி வைங்க."

"கிளாஸாவது கத்திரிக்காயாவது" என்றான் அரசப்பன். "ஐயிரே, நீ எங்க கயனிக்கு வா. வரப்புல ஒரு நாழி குந்து. பச்சப் பசேல்னு கீதா, பாத்தா மனசு தானா அடங்கிடும். டாக்டரே அத்தான் சொல்றாரு."

நான் ஐயங்கார் என்று அரசப்பனுக்கு மூன்று வருடமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவனைப் பொறுத்தவரை பூணூல் போட்டவனெல்லாம் ஐயிரு.

"எந்த டாக்டர்டா?" என்று கேட்டாள் அக்கா.

"மாட்டு டாக்டரு."

அப்போது ஸத்யபாமா காபியோடு வந்தாள். டம்ளர்களை வைத்தாள். நிமிராமலே சொன்னாள்: "அமாவாசை வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கு சாயங்கால பஸ்ஸில ஸ்ரீபெரும்புதூருக்கு எங்க அப்பா ஆத்துக்குப் போயிடுவேன். எனக்குத் தூங்கணும்."

 அத்திம்பேர் தொடையில் தட்டினார். "பாத்தேளா, அவளே நாள் குறிச்சுக் குடுத்துட்டா. அமாவாசை! குளத்துல வெல்லம் கரைச்சு வேண்டிண்டுடலாம்."

எனக்குக் கேட்டது 'போயிடுவேன்' மட்டும்தான். அவள் போனால் பாதி வழக்கைக் கேட்கக்கூட ஆள் கிடையாது. அது தவிரவும் அவள் போகக் கூடாது. அதற்குக் காரணம் எழுதத் தெரியவில்லை, எழுதவும் மாட்டேன்.

*

முதல் வைத்தியம் இயற்கை. பெரியபாளையம் வழி பஸ்ஸில் புதுவாயலில் இறங்கி, கல்கத்தா ரோட்டைத் தாண்டினால் அரசப்பனின் கழனி. வரப்பில் ஒரு கோணியைப் போட்டு என்னை உட்கார வைத்தான்.

"எப்டி கீது? ஜில்லுனு ஆவல மனசு?"

கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மில்லுக்கு அது தம்பி என்று சொல்லலாம். முகஜாடையும் குரலும் அப்படியே இருந்தன. பின்னால் ரோட்டில் லாரிகள். முன்னால் கொக்குகள், அவை மட்டும்தான் சொன்னபடி நடந்துகொண்டன.

"அந்த இன்ஜினைக் கொஞ்சம் நிறுத்தேன் அரசப்பா."

"நிறுத்தினா தண்ணிய எவன் இறைப்பான்? இயற்கையா?"

அவன் அம்மா கங்கம்மா மடைப்பக்கம் நின்று அடுத்த கழனிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த கழனிக்காரர் பெயர் அப்பாவு என்பது இன்ஜினை மீறி எனக்குக் கேட்டது. மில்லில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"யோவ் அப்பாவு! எங்க மொறையில மடையில கை வைப்பியா? கை இருக்காது, சொல்லிக்கினேன்!"

"உங்க மொற நேத்தோட போச்சும்மே! போய் உன் புள்ளயக் கேளு!"

"எம் புள்ள ராவெல்லாம் கம்பெனில கீறான், அவனுக்கு இன்னா தெரியும் மொறையப் பத்தி!"

மனசு அடங்குவதற்காகக் கழனிக்கு வர வேண்டும் என்று சொன்னவன் என் பக்கத்தில் உட்கார்ந்து யூரியா விலையையும் தங்கச்சி கல்யாணத்தையும் அப்பாவுவின் வம்சத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தான். கடித்த கட்டெறும்பை நசுக்கிவிட்டுக் கண்ணை மூடினேன். தானியேல் தயாராக இருந்தார். 'வேலையை விட்டுட்டு வரப்புல உக்காந்திருக்கியா?' என்றார்.

"நைனா!" என்று கூப்பிட்டாள் கங்கம்மா. "சும்மாத்தானே குந்திக்கினு கீறே. இந்த மடைய அடச்சுட்டு அந்த மடையத் தொறந்து வுடு. நான் இவங்கிட்ட பேசி முடிக்கணும்."

மண்வெட்டியைக் கொடுத்தாள். எனக்குத் தெரியாத வேலை. சேற்றை வெட்டி வைத்தேன். தண்ணீர் தள்ளிக்கொண்டு போயிற்று. இன்னும் கொஞ்சம் வெட்டி, காலால் மிதித்தேன். ஓரத்தில் கசிந்தது. அதை அடைத்தேன். பிறகு அடுத்த மடையைத் திறந்ததும் தண்ணீர் ஒரு விநாடி யோசிப்பதுபோல் நின்று, அப்புறம் காய்ந்த வாய்க்காலில் நுரையைத் தள்ளிக்கொண்டு நடந்தது. அதன் கூடவே நானும் நடந்தேன். முன்னால் போகும் தண்ணீரில் எறும்புகளும் வைக்கோல் துரும்பும் மிதந்தன. அது பாத்தியில் ஏறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கங்கம்மாவும் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். தானியேல் வரவில்லை.

இதை அங்கேயே விட்டிருக்க வேண்டும். தானியேல் வரவில்லை என்று நான் கவனித்துவிட்டேன். கவனித்ததும் வந்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் இயற்கை என்னைக் கொண்டு எல்லா மடையையும் அடைத்துத் திறந்து, வைக்கோலைப் பிரித்து, மாட்டையும் கட்டிக்கொண்டது. பஸ் ஏற்றிவிடும்போது அரசப்பன் தோளில் தட்டினான்.

"நாளான்னிக்கு நாத்து நடறோம் ஐயிரே. மனசுக்கு இன்னும் நல்லது."

அன்று உடம்பு அலுத்துத் தூங்கிவிடுவேன் என்று எல்லோரும் நம்பினார்கள். தூங்கினேன், பத்து நிமிஷம் இருக்கும். பிறகு அலுத்த உடம்போடு வழக்காடினேன். காலையில் ஸத்யபாமாவின் கண்கள் சிவந்திருந்தன. "வரப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டாள். "பச்சையா இருந்தது" என்றேன். 

*

இரண்டாவது வைத்தியம் துளசிராமனின் மாடி. பாய் விரித்து, ஊதுவத்தி கொளுத்தி, சுவரில் பழைய கார்டு விளக்கையும் பச்சைக் கொடியையும் மாட்டியிருந்தார். மாணவர்கள் என்று என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவர் வந்தவுடன் தூங்கிவிட்டார். அவருக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை, ஆனாலும் தவறாமல் வருவாராம்.

"எண்ணம்ங்கறது கூட்ஸ் வண்டி, தம்பி" என்றார் துளசிராமன். "நீ ஸ்டேஷன். வண்டி வரும், போவும். நீ ஏறக் கூடாது. நீ எதுக்கு ஏர்ற? உனக்கு அதுல டிக்கெட் கிடையாது. பச்சைக் கொடியைக் காட்டி அனுப்பிச்சுட்டே இரு. எங்க, கண்ணை மூடு."

மூடினேன். வண்டி வந்தது. கொடி காட்டினேன். வண்டி நின்றது. தானியேல் இறங்கினார்.

"என்ன தெரியுது?"

"ஃபோர்மேன் இறங்கிட்டார் சார்."

"இறங்கட்டும். மரியாதையா திரும்ப ஏத்தி அனுப்பு. கோபப்படக் கூடாது. கோபம்ங்கறது—"

கீழே கலியனின் டீக்கடையில் ரேடியோ அலறியது. துளசிராமன் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"டேய் கலியா! ரேடியோவ நிறுத்துடா! இங்க நாலு பேரு மனச அடக்கிக்கினு கீறோம், தெரியல?"

"இன்னா சார், தெனமும் பேஜாரு பண்றீங்க! சிலோன் வெச்சாத்தான் போணி ஆவுது!"

"உன் கடைய இங்கேருந்து தூக்கல, நான் கார்டு துளசிராமன் இல்லடா! முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டுக்கீறேன்!"

"போன வாரமும் போட்டீங்களே சார். வந்த பில் கலெக்டரு டீ குட்ச்சிட்டுப் போனாரு."

துளசிராமன் திரும்பி வந்து உட்கார்ந்தார். கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. ஊதுவத்தியை நேராக நிறுத்தினார். "எங்க விட்டேன்? ஆங், கோபம்."

ஆனால் போகும்போது படிக்கட்டில் நிறுத்தி ஒன்று கேட்டார். "அந்த தானியேல் உங்கிட்ட இவ்வளவு பேசறாரே தம்பி, அவருக்கு வசனம் யாரு எழுதித் தராங்க?"

யோசித்தேன். நிஜ தானியேலுக்கு 'சீக்கிரம்' ஒன்றுதான் வசனம். மீதியெல்லாம் நான். நான் யார் யாரிடமோ சொல்லாமல் விட்ட பதில்கள், அத்திம்பேரிடம், அக்காவிடம், செத்துப்போன அப்பாவிடம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஆளை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். தானியேல் வேற்று ஆள், திட்டினால் தப்பில்லை.

இது தெரிந்தால் மனசு லேசாகும் என்றார் துளசிராமன். லேசாகவில்லை. என்னை மடக்குவதற்கு என்னைவிடக் கெட்டிக்காரன் அந்த மில்லில் யாரும் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

*

மூன்றாவது வைத்தியத்துக்கு அத்திம்பேரே இறங்கினார். எனக்காக அவர் மௌன விரதம் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பட்டினி கிடப்பாள். அதுபோல மைத்துனனின் மண்டை அடங்க அத்திம்பேர் வாயை அடக்கினார். அமாவாசை வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். விரதம் வியாதிக்காரன் இருக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும் என்று அவரும் அக்காவும் பெட்டி, படுக்கை, பாத்திரங்களோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அறை அவர்களுக்கு. நானும் ஸத்யபாமாவும் கூடத்தில்.

பேசுகிற அத்திம்பேரை நான் இருபது வருடமாகத் தாங்கியிருக்கிறேன். பேசாத அத்திம்பேர் அன்றுதான் அறிமுகமானார். அவருக்கு ஒரு ஸ்லேட்டு இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் கை தட்டுவார். யாரும் வராவிட்டால் சொம்பைத் தட்டுவார். அப்புறமும் வராவிட்டால் "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று எட்டுக்கட்டையில் உறுமுவார், அது பேச்சில் சேராதாம். பிறகு ஸ்லேட்டில் எழுதுவார். பலப்பம் கிறீச்சிடும். அதை அக்கா வாங்கி, சமையலறையில் இருப்பவர்களுக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் ஒரே சமயத்தில் கேட்கும்படி வாசிப்பாள்.

"பாமா! என்ன எழுதியிருக்கார் தெரியுமோ? 'சாத்தமுதில் உப்புத் தூக்கல்!'"

"நாளைக்குக் குறைச்சுப் போடறேன்."

கிறீச்.

"'நேற்றும் இதையே சொன்னாள்!'"

"அவர் நேத்திக்கு ஒண்ணும் எழுதலையே, அக்கா."

கிறீச், கிறீச்.

"'எதிர்த்துப் பேசுகிறவள் இருக்கும் வீட்டில் மனசு எப்படி அடங்கும்?' கேட்டியா? மௌனத்தில இருக்கறவர் வாக்கு, பலிக்கும்!"

ஸத்யபாமா கரண்டியைக் கழுவி வைத்தாள். கழுவிய கரண்டியை மறுபடி எடுத்துக் கழுவினாள்.

பாராயணத்துக்கு மட்டும் மௌனம் விலக்கு. விடியற்காலையில் அத்திம்பேர் எழுந்து கூடத்தில் நின்று, முந்தின நாள் பேசாமல் சேர்த்து வைத்த தொண்டை முழுவதையும் பெருமாளுக்கு அர்ப்பணிப்பார். அப்போதுதான் நாங்கள் கண்ணை மூடியிருப்போம்.

"நீங்க அவர்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று ஸத்யபாமா ஒருநாள் கிணற்றடியில் கேட்டாள்.

"என்ன சொல்றது? எனக்காகன்னா விரதம் இருக்கார்."

"ராத்திரி முழுக்க யாரோ ஃபோர்மேனுக்குப் பதில் சொல்றேளே. அதுல ஒரு வரி இவர்கிட்ட சொல்லுங்கோ."

சொல்லவில்லை. சொல்வதாக மூன்று விதமாக மனசுக்குள் அமைத்துப் பார்த்தேன். மூன்றும் நன்றாக வந்தன. தானியேல் மூன்றையும் கேட்டார்.

*

அமாவாசை வந்தது. காலையிலேயே ஸத்யபாமா பையில் புடவைகளை மடித்து வைத்தாள். எல்லோரும் பார்க்கும்படிதான் வைத்தாள், யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வெல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்க் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால், வெல்லம் கரைவதுபோல நோவும் கரையும் என்பது நம்பிக்கை. அமாவாசைக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். கடையில் விற்கும் வெல்லத்தை ஒரு துண்டு வாங்குவார்கள், போடுவார்கள், முழுக்குப் போடுவார்கள், போவார்கள். அத்திம்பேர் மடப்பள்ளிக்காரர். கடைத் துண்டு அவர் கண்ணுக்கு வெல்லமே இல்லை. பள்ளிப்பட்டு மண்டியில் சொல்லி வைத்து ஒரு முழு அச்சு வரவழைத்திருந்தார். நல்ல வெல்லம் என்பதற்கு மடப்பள்ளியில் ஒரு பரீட்சை உண்டு: தரையில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், விரலுக்கு மசியக் கூடாது. இது டங்கென்றது. சர்க்கரைப் பொங்கலுக்கு முதல் தரம். கரைப்பதற்குக் கருங்கல்.

"உடைச்சு எடுத்துண்டு போலாமே அத்திம்பேர்" என்றேன்.

கிறீச்.

"'உடைத்தால் பின்னம். பின்னமானதைப் பெருமாளுக்குக் கொடுப்பாயா?'" என்று வாசித்தாள் அக்கா.

குளத்துப் படிகளில் கால் வைக்க இடமில்லை. துளசிராமன் வந்திருந்தார். அரசப்பன் ஷிப்ட் முடிந்து தூங்காமல் பஸ் ஏறி வந்திருந்தான். நான் முழங்கால் தண்ணீரில் நின்று அச்சை இரண்டு கையாலும் முழுக்கிப் பிடித்தேன். ஸ்லேட்டின் உத்தரவு: முழுதும் கரையும் வரை வெளியே வரக் கூடாது.

சுற்றிலும் ஜனங்கள் துண்டைப் போட்டார்கள், முழுகினார்கள், ஏறினார்கள். அடுத்த வரிசை வந்தது. அதுவும் ஏறியது. என் வெல்லம் அப்படியே இருந்தது. ஓரத்தில் லேசாக ஒரு பழுப்பு, அவ்வளவுதான். கை மரத்து வழுக்கி அது படியில் போய் உட்கார்ந்தது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன்.

"இன்னா ஐயிரே, மாட்டுக்குப் புண்ணாக்கு ஊற வெச்சாப்பல கீது" என்றான் அரசப்பன்.

"வேடிக்கை பாரு தம்பி, வேடிக்கை பாரு" என்றார் துளசிராமன். "அவசரப்படாதே." பிறகு தன்னை இடித்தவரைப் பார்த்து, "யோவ், கண்ணு தெரியல?" என்றார்.

மீன்கள் வந்தன. வெல்லத்தைச் சுவைத்துப் பார்த்து, அதைவிட என் கால் பரவாயில்லை என்று முடிவு செய்தன.

செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிமிர்ந்து படிகளைப் பார்த்தேன். மேல்படியில், மண்டபச் சுவரில் சாய்ந்து ஸத்யபாமா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. அதன் காதை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். தலைக்கு மேல் யாரோ பிழிந்த வேஷ்டியிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காதருகே ஒருவன் பொரி விற்றுக் கத்திக்கொண்டிருந்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. முகம் ஏதோ அடிபட்டதுபோல் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இந்தக் கறுப்பு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே படுத்திருந்தேன். என் மனசுக்கு நாலு பேர் வைத்தியம் பார்த்தார்கள். அந்த நாலு பேருக்கும் சமைத்துப் போட்டவள் கடைசியாக எப்போது தூங்கினாள் என்று, நான் உட்பட, ஒருவரும் கேட்கவில்லை. அவள் சொன்னபோது கூடம் முழுக்கக் காது இருந்தது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பொரிக்காரன் இடம் மாறினான். அவள் தலை மெதுவாகச் சரிந்து, சுவரிலேயே ஒரு வசதியான இடத்தைக் கண்டுபிடித்தது. நான் காலைக்கூட அசைக்கவில்லை. அசைத்தால் அவள் விழித்துவிடுவாள் என்று அத்தனை தூரத்தில் நின்றுகொண்டு பயந்தேன்.

அப்போது அத்திம்பேர் கை தட்டினார். யாரும் திரும்பாததால் சொம்பைப் படியில் அடித்தார். ஸ்லேட்டு கை மாறியது.

"பாமா! ஏ பாமா!" என்று அக்கா கத்தினாள். "'தம்பதியாகத் தொட வேண்டும்!' எழுந்து வாடி, தூங்கறதுக்கு இடம் பாத்தியா?"

ஸத்யபாமா திடுக்கிட்டு எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு, தவறு செய்தவள்போல் எல்லா முகங்களையும் பார்த்தாள்.

நான் வெல்லத்தின் மேலிருந்து காலை எடுத்துவிட்டுப் படியேறினேன்.

"டேய், டேய்! இன்னும் கரையலைடா! பாதியில வந்தா வியாதி ரெட்டிப்பாகும்!"

"பாதி போறும் அக்கா."

"ம்ம்ம்! ம்ம்ம்!" என்றார் அத்திம்பேர்.

"வாங்கோ, ஆத்துக்குப் போலாம்" என்றேன் அவரிடம். "நம்ம ஆத்துக்கு இல்லை. உங்க ஆத்துக்கு."

ஸ்லேட்டில் பலப்பம் வைத்தவர் அப்படியே நின்றார். எனக்கே ஆச்சரியம். ஒத்திகை பார்த்த மூன்று வசனங்களில் இது இல்லை. அவற்றைவிட மட்டமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர்கள் பெட்டியை நானே தூக்கி வாசலில் வைத்தேன். அக்கா அழுதாள். அத்திம்பேர் இரண்டு பக்கமும் எழுதினார். அக்கா அழுகையோடு வாசித்தாள். நன்றி கெட்டவன் என்று வந்தது, அப்பா பெயர் வந்தது, ஒரு ஸம்ஸ்க்ருத வரியும் வந்தது. அது அக்காவுக்குப் படிக்க வரவில்லை. நான் படுக்கையைச் சுருட்டினேன். துளசிராமன் வாசலில் நின்று, "கோபப்படாம பண்ணு தம்பி" என்றார். கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். அவ்வளவாக இல்லை. வேலைதான் இருந்தது. படுக்கை, கூஜா, பாத்திர மூட்டை, இன்னொரு மூட்டை. அரசப்பன் ஒன்றும் கேட்காமல் போய் ஒரு ரிக்‌ஷாவைக் கூட்டி வந்தான்.

ரிக்‌ஷாவில் எல்லாம் ஏறிய பிறகு அத்திம்பேர் மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. வாயைத் திறந்தார். அத்தனை நாள் அடக்கி வைத்த வாக்கு, பலிக்கப்போகும் வாக்கு, அக்கா கையைக்கூடக் கூப்பிவிட்டாள்.

"வெண்கலப் பானை எங்கே?" என்றார்.

ஸத்யபாமா உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். துலக்கி வைத்திருந்தாள்.

ரிக்‌ஷா போயிற்று. துளசிராமன் மாடிக்குப் போய்விட்டார். அரசப்பன், "நான் ஊட்டுக்குப் போறேன் ஐயிரே, கண்ணு எரியுது" என்று சொல்லிப் பஸ்ஸுக்கு நடந்தான். வீட்டில் நாங்கள் இருவர். மத்தியான வெயில் முற்றத்தில் கிடந்தது. நான் கூடத்தில் ஈர வேஷ்டியோடு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்த ஆரம்பித்தேன்.

ஸத்யபாமா பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"நாலு மணிக்குத்தானே பஸ்?" என்றேன். "நான் ஸ்டாண்டு வரைக்கும் வரட்டுமா?"

அவள் அறையின் நடுவில் நின்று, அத்திம்பேர் படுத்திருந்த இடத்தை விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்தாள். எங்கள் பாயை விரித்தாள். பையைத் தலைமாட்டில் வைத்து, குத்திக் குத்தி உயரத்தைச் சரி செய்தாள்.

"பஸ் நாளைக்கும் இருக்கு" என்றாள்.

"அப்படின்னா—"

"இப்ப ஒண்ணும் பேசாதீங்கோ. சாதம் கீழ் அடுக்குல இருக்கு, மோர் இருக்கு, நீங்களே போட்டுக்கோங்கோ. யார் வந்தாலும் எழுப்பப்படாது. பெருமாளே வந்தாலும் கூடத்துல உக்காத்தி வையுங்கோ."

கதவின் பக்கம் வந்தாள். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். அதில் அன்பு இருந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது, தூக்கம் இருந்தது. கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, சாவியும் திரும்பியது.